வெற்றுத் தகடு

சுதர்ஷினிக்கு உட்கார இடம் கிடைத்தால் போதும், தூங்கிவிடுவாள். பஸ்ஸில் ஏறினால் தூக்கம், பல் வைத்தியரின் வாசலில் வரிசைக்குக் காத்திருந்தால் தூக்கம், என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம். நான் ஏதாவது முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். பதில் வராது. திரும்பிப் பார்த்தால் வாய் லேசாகத் திறந்திருக்கும். ஆரம்பத்தில் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது, பிறகு பழகிவிட்டது. பதுளையில் நாங்கள் இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்த, ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் பல வருஷமாக இப்படித்தான் காலம் போகிறது. நான் பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். காலையில் போய் மாலையில் திரும்புவேன். அவள் எப்போது போவாள், எப்போது வருவாள் என்பதை அவளுடைய மெஷின்தான் தீர்மானிக்கும்.

அவளைப் பற்றி எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. தோட்டத்திலிருந்து படித்து முன்னுக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் மேடை, மாலை, பொன்னாடை வரைக்கும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஒருவருக்கும் அக்கறை இல்லை. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

சுதர்ஷினி பிறந்தது நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்குத் தோட்டம் கொடுக்கும் வரிசை அறைகளில் ஒன்றில். அப்பா இராமையா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பொறுப்பாக இருந்தவர். இவள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். அம்மா பெரியாயி கொழுந்து பறித்துத்தான் மிச்சப் படிப்பை முடிக்கவைத்தார். வயது அறுபதைத் தாண்டியும் மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். மகள் படித்து வேலைக்கு வந்த பிறகும் ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு லயத்தின் கணக்கு தெரியாது. தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்திருந்தால்தான் அறை. பேரை எடுத்துவிட்டால் அறையையும் விட வேண்டும். மகளின் வேலையோ வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கும் தற்காலிக வேலை.

"ஒனக்கு வேல நெலையாகட்டும் புள்ள. அப்பறம் நான் மூட்டையக் கட்டிக்கிட்டு வாரேன். இப்ப வந்து, நாளைக்கு ஒன்னய நிப்பாட்டிட்டாங்கன்னா ரெண்டு பேரும் எங்க போறது?" என்பார் பெரியாயி. நியாயமான கேள்வி. சுதர்ஷினி வேலைக்கு வந்த ஒன்பது வருஷமும் அதே கேள்விதான்.

அவள் வேலை பார்த்தது பதுளை நகரத்தில் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையத்தில். மாடியில் ஒரு அறை, அதற்கு முன்னால் ஒரு வெளியறை. உள்ளறையில் அந்த மெஷின். வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று தனக்குப் புதியது வாங்கியபோது பழையதை இங்கே தந்திருந்தது. நமக்கு வந்து சேருவது எல்லாமே யாரோ முடித்துவிட்டுத் தந்ததுதானே.

மெஷின் என்ன செய்கிறது என்று அவள் எனக்கு விளங்கப்படுத்தியது ஒரு நாள் ரொட்டி சுடும்போது. மிக மெல்லிய ஊசிமுனை ஒன்று தகட்டின் மேல் தட்டித் தட்டிப் போகும். அதற்குப் பக்கத்தில் வைத்தால் நம் தையல் ஊசி ஓர் உலக்கை. ஊசி தட்டும் இடத்தில் அகச்சிவப்பு ஒளி விழும். செந்நிறக்கீழ்க் கதிர் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது இதைத்தான். கண்ணுக்குத் தெரியாது, சூடாக மட்டும் படும். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பிடித்தமான ஒளி என்று சில உண்டு. அது விழுந்தால் மூலக்கூறு அதை விழுங்கிச் சூடாகி, கல்லில் கிடக்கும் ரொட்டி மாதிரி ஒரு துளி உப்பும். அந்த உப்பலில் ஊசி துள்ளும். எந்த ஒளிக்குத் துள்ளியது என்று பார்த்து, அங்கே கிடப்பது என்னவென்று சொல்லிவிடலாம்.

"டி.என்.ஏ. ரெண்டு இழையும் ஜோடி சேந்து இருந்தா ஒரு குறிப்பிட்ட ஒளிக்கு நல்லாத் துள்ளும். பிரிஞ்சு கெடந்தா துள்ளாது. அவ்வளவுதான்டி ஜெயா," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் ரொட்டி கருகிவிட்டது.

இந்தத் துள்ளலை நம்பித்தான் அவளுடைய வாழ்க்கை நின்றது. தேயிலைக்கு வரும் கொப்புள நோயை இலையில் கொப்புளம் தெரிவதற்கு முன்பே கண்டுபிடிக்க ஒரு சின்னத் தகடு செய்வது அவர்களுடைய திட்டம். தங்கம் பூசிய தகட்டில் டி.என்.ஏ.யின் ஒற்றை இழைகளைப் பதித்து வைப்பார்கள். இலைச்சாற்றில் நோய்க் காளானின் டி.என்.ஏ. இருந்தால் அது வந்து அந்த இழையோடு ஜோடி சேரும். ஆனால் சேர்ந்த ஜோடி தங்கத்தின் மேல் பிரியாமல் இருக்க வேண்டும். தங்கம் சில சமயம் இழைகளைத் தன் பக்கம் இழுத்துப் படுக்கவைத்து ஜோடியைப் பிரித்துவிடுமாம். ஜோடி நிற்கிறது என்று வருஷ முடிவுக்குள் காட்டினால் வெளிநாட்டு உதவி தொடரும், சுதர்ஷினிக்கு நிரந்தர நியமனம். நிற்கவில்லை என்றால் திட்டம் முடிந்தது, அவளுடைய வேலையும் முடிந்தது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

மெஷின் இருந்த கட்டடத்துக்குப் பக்கத்தில்தான் பெரிய ரோட்டு. லொறி ஒன்று ஏற்றத்தில் கியர் மாற்றினால் ஊசி நடுங்கும், படம் கெட்டுவிடும். அதனால் ஊர் ஓய்ந்திருக்கும் நாட்களாகப் பார்த்து அவள் வேலைக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை, போயா என்கிற பௌர்ணமி விடுமுறை, பொதுத் தேர்தல் நாள், ஊரடங்குச் சட்டம் போட்ட நாட்கள்கூட விடவில்லை, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போனாள். மற்ற நாட்களில் விடியற்காலை பஸ்கள் கிளம்புவதற்கு முன்பே போய் உட்கார்ந்துவிடுவாள். பகலில் தகடு கழுவுவது, கரைசல் தயாரிப்பது, கணினியில் கணக்குப் பார்ப்பது. ஓய்வு நாள் என்று ஒன்று அவளுக்கு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் இன்னொரு வேலையும் உண்டு. வெளியறையின் மூலையில் ஒரு பிள்ளையார் படம் வைத்திருந்தாள். குளித்துவிட்டு வந்து, படத்துக்கு முன்னால் சாம்பிராணி போட்டு, புகை அடங்கிய பிறகுதான் மெஷினை இயக்குவாள். தோட்டத்துத் தொழிற்சாலையில் வளர்ந்த பிள்ளைக்கு அது பழக்கம். அங்கே ரோலருக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள், சாம்பிராணி காட்டுவார்கள், காட்டாமல் சுவிட்சைத் தொடமாட்டார்கள். நான் கேலி செய்வேன்.

"ஜெர்மன்காரன் செஞ்ச மெஷினுக்குச் சாம்பிராணி வாசம் புடிக்குமாடி?"

"புடிக்காட்டி போகட்டும். போடாட்டி எனக்குக் கை ஓடாது," என்பாள்.

மெஷின் அறைக்குள் புகை போகக்கூடாது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். நடுக் கதவைச் சாத்தி, அடியில் துணியைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் பற்றவைப்பாள். மெஷினைக் காப்பாற்றினாள். தகடுகளை நினைக்கவில்லை. ஜோடி சேர்ந்த டி.என்.ஏ. பதித்த தகடுகள் அந்த வெளியறையில்தான் ஒரு கண்ணாடித் தட்டில் உலர்ந்துகொண்டிருக்கும். மூடி போட்டால் பதுளை மழைக்கு உள்ளே ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கிறது என்று மேலே ஒரு தாளை மட்டும் போட்டுவைப்பாள்.

இரண்டு வருஷமாக முடிவுகள் நன்றாக வந்தன. துள்ள வேண்டிய ஒளிக்கு ஊசி துள்ளியது. திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியர் ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாத மனிதர், டிசம்பரோடு ஓய்வு பெற இருந்தார். படங்களைப் பார்த்துவிட்டு, "வடிவா வந்திருக்கு பிள்ளை," என்று அவர் சொன்ன அன்றைக்குச் சுதர்ஷினி எனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தாள். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடமும் சொல்லிவிட்டாள்.

"வருஷக் கடைசியோட நிப்பாட்டிரும்மா. இந்தத் தடவ நிச்சயம்."

அம்மா இன்னொரு பலகாரத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தாராம்.

தீபாவளி முடிந்து வந்த போயா அன்றைக்கு நல்ல மழை. ரோட்டில் ஈ காக்கை இல்லை. அறிக்கைக்குக் கடைசியாக ஒரே ஒரு அளவீடு எடுத்தால் போதும் என்று காலையிலேயே போனாள். முதல் நாள் முழுக்கக் கணக்குப் பார்த்து, சரியாகச் சாப்பிடாமல், கண் எரிச்சலோடு போனவள். கண்ணாடித் தட்டிலிருந்து ஒரு தகட்டை எடுத்து மெஷினில் வைத்தாள். ஊசி போனது, ஒளி விழுந்தது, இதுவரை வந்ததிலேயே அழகான துள்ளல் வந்தது. சேமித்துவிட்டுத் தகட்டை எடுத்துப் பெட்டியில் வைக்கப் போகும்போதுதான் அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். அதில் அவள் கையாலேயே போட்ட பெருக்கல் குறி இருந்தது.

பெருக்கல் குறி போட்டால் வெற்றுத் தகடு. டி.என்.ஏ. எதுவும் பதிக்காத வெறும் தங்கம். எப்போதோ மிஞ்சியது, மற்றத் தகடுகளோடு சேர்ந்து அந்தத் தட்டிலேயே மாதக்கணக்காகக் கிடந்திருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அதை எடுத்து வைத்திருக்கிறாள்.

இல்லாத டி.என்.ஏ.க்கு ஊசி துள்ளியிருக்கிறது.

நான் பள்ளிக்கூடம் இல்லாத அந்த நாளில் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நனைந்துபோய் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்தாள். என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

"முன்னாடியும் வெத்துத் தகடு வச்சுப் பாத்திருப்ப தானே?" என்று கேட்டேன். ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரும் அளவெடுக்கமாட்டார்கள். அது எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பாடம்.

"பாத்தேன்டி. ஒவ்வொரு தடவையும் பாத்தேன். ஆனா அது புதுத் தகட்டுப் பாக்கெட்ட ஒடச்சு நேரா மெஷினுக்குக் கொண்டு போற தகடு. அந்தத் தட்டுல ஒரு நாளும் கெடந்ததில்ல."

அப்படியானால் அந்தத் தட்டில் கிடக்கும் தகடுகளின் மேல் ஏதோ படிகிறது. என்ன படிகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. மெஷின் பழையது, எல்லா ஒளியும் அதில் வராது, ஒரு சின்னத் துண்டு மட்டும்தான். முழுவதும் வந்திருந்தால் படிந்தது எது என்று முன்பே பிடித்திருப்பாள். சோப்பை நினைத்தாள், கையுறையின் மாவை நினைத்தாள், தாளை நினைத்தாள். இரண்டு நாள் ஒவ்வொன்றாக வைத்து ஒதுக்கினாள். ஒன்றும் ஒத்துவரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்கு நான்தான் சாம்பிராணி போட்டேன். அவள் பல் விளக்கிக்கொண்டு வந்தவள் புகையைப் பார்த்து அப்படியே நின்றாள். வாயில் நுரையோடு நின்றாள். எனக்கும் அந்த நொடியில் விளங்கிவிட்டது. இரசாயனவியல் படிப்பிக்கிறவளுக்கு இவ்வளவு நாள் விளங்காததுதான் ஆச்சரியம். சாம்பிராணி மரத்துப் பிசின். அதில் இருக்கும் பொருட்களில் காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பில் நிற்கும் கூட்டம் ஒன்று உண்டு. ஜோடி சேர்ந்த டி.என்.ஏ.யிலும் அதே மாதிரி ஒன்று உண்டு. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஒளியைத்தான் விழுங்கும்.

அவள் கைப்பையிலிருந்து புதிய தகட்டுப் பாக்கெட்டை எடுத்து உடைத்தாள். இடுக்கியால் ஒரு தகட்டைப் பிடித்துப் புகையில் காட்டினாள். பிள்ளையைக் குளிப்பாட்டிப் புகை காட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள். பெட்டியில் போட்டு மூடிக்கொண்டு, தலைகூடச் சீவாமல் வெளியே போனாள். பத்து மணிக்கு வகுப்பில் இருந்த எனக்கு ஒரு செய்தி வந்தது. "அதேதான்" என்று மட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் செய்த வேலையைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. வெளியறையைக் கழுவினாள், பிள்ளையார் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள், புதிய தகடுகளில் ஜோடி சேர்ந்த டி.என்.ஏ.யைப் பதித்து மூடிய பெட்டியில் உலர்த்தினாள், ஒவ்வொன்றாக அளவெடுத்தாள். ஏதாவது கொஞ்சமாவது மிஞ்சும் என்று நான் நம்பினேன். அவளும் நம்பினாள். பாதிக்குப் பாதியாவது நின்றால்கூடப் போதும், எழுதிச் சமாளிக்கலாம். எதுவும் மிஞ்சவில்லை. டி.என்.ஏ. இருக்கிறது, அதற்கான மற்ற அடையாளம் தெரிகிறது. ஜோடிதான் இல்லை. தங்கத்தில் படுத்த இழைகள் பிரிந்துதான் கிடக்கின்றன.

பேராசிரியரிடம் போனாள். நடந்ததை அவள் அன்று மாலை எனக்கு அப்படியே சொன்னாள். அவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்ல சேர். வீட்டுல ஜெயாவுக்கு மட்டும்."

"இதை எழுதினா அடுத்த வருசம் இந்த அறை பூட்டுப்படும். உமக்கு விளங்குதோ?"

"வெளங்குது சேர்."

"எழுதாட்டி ஒருத்தருக்கும் தெரியாது. அவையள் வந்து பாக்கப் போறதும் இல்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னாராம், "நான் களைச்சுப் போனன் பிள்ளை. நான் செய் எண்டும் சொல்லமாட்டன், செய்யாதை எண்டும் சொல்லமாட்டன். மெஷினில இருந்தது நீர். நீரே முடிவெடும். எதை எழுதினாலும் நான் கையெழுத்து வைக்கிறன்."

கேட்டதும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இவ்வளவு படித்த பெரிய மனிதர் கையைக் கழுவிவிட்டு, ஒரு தற்காலிக ஊழியரின் தலையில் அவ்வளவையும் இறக்கி வைத்துவிட்டார். கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நான் என் பங்குக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் இல்லை.

"பேசாம இரு. ரெண்டு வருஷ முடிவு கையில இருக்கு. நீ பொய் சொல்லல, மெஷின் காட்டுனத எழுதுற. நியமனம் கெடச்சு, அம்மா வந்து சேரட்டும். அப்பறமா கண்டுபிடிச்ச மாதிரி எழுது. யாரு சாகப் போறாங்க?"

"யாரும் சாகமாட்டாங்க," என்றாள். "தகட்ட செஞ்சு தோட்டத்துக்குக் குடுப்பாங்க. நோய் வந்த மலையில நோயில்லன்னு காட்டும். மருந்தடிக்கமாட்டாங்க. கொழுந்து போயிரும். கொழுந்து இல்லன்னா வேல இல்லன்னு யாருக்குச் சொல்லுவாங்க? எங்கம்மா மாதிரி ஆளுகளுக்குத்தான்."

"அந்தத் தகடு வர்றதுக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும்!"

"ஆகட்டும்."

"அதுக்குள்ள வேற யாராச்சும் கண்டுபுடிச்சிருவாங்கடி!"

"அப்ப தப்புன்னு எம் பேரச் சொல்லித்தானே கண்டுபுடிப்பாங்க," என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது அவளிடம் இருக்கவில்லை. நான் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

அறிக்கையில் அவள் எல்லாவற்றையும் எழுதினாள். சாம்பிராணியையும் எழுதினாள். அதை விட்டுவிட்டுப் புகை என்று மட்டும் எழுதலாமே, வெள்ளைக்காரன் சிரிப்பான் என்றேன். எந்தப் புகை என்று தெரிந்தால்தான் மற்றவர்கள் கவனமாக இருப்பார்கள் என்றாள். பேராசிரியர் சொன்ன மாதிரியே கையெழுத்து வைத்தார். டிசம்பர் நடுவில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். இவ்வளவு நேர்மையான அறிக்கையைக் கண்டதில்லை என்று பாராட்டியிருந்தார்கள். தங்கத் தகட்டு வழி சரிவராது என்பது தெளிவாகிவிட்டதால் உதவியைத் தொடர முடியவில்லை என்று வருந்தியிருந்தார்கள். மெஷினைக் கொழும்பில் வேறோர் இடத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுடைய ஒப்பந்தம் மாத முடிவோடு நிறைவு பெறுகிறது.

அம்மாவிடம் போனில் சொல்லமாட்டேன், நேரில்தான் சொல்வேன் என்று நின்றாள். தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பசறை பஸ்ஸில் ஏறி, இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, கடைசித் துண்டு தூரத்தை முச்சக்கர வண்டியில் போனோம். மழை விட்டு மலை முழுக்க மூடுபனி. லயத்து வாசலில் பெரியாயி உட்கார்ந்திருந்தார். எழுந்து வரும்போது வலது காலை இழுத்து இழுத்து நடந்தார்.

உள்ளே போனோம். அறையில் சாமான் இல்லை. சுவரோரம் உரச்சாக்குகள் வாய் கட்டி அடுக்கியிருந்தன. பாத்திரங்கள் ஒரு பெட்டியில். சுவரில் இருந்த சாமிப் படங்களைக்கூடக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தார்.

"என்னம்மா இது?" என்றாள் சுதர்ஷினி.

"நீதானே வருஷக் கடைசியில நிப்பாட்டச் சொன்ன. முட்டி வீங்கிப் போச்சு புள்ள, ஏத்தம் ஏற முடியல. அதான் தீவாளி முடிஞ்ச கையோட பேர எடுத்துட்டேன். ஒன்கிட்டச் சொன்னா அவசரப்படுவன்னு சொல்லல. மாசக் கடைசியில இந்தக் காம்புரா அறையத் திருப்பிக் குடுத்துறேன்னும் சொல்லிப்புட்டேன்." அவர் சிரித்தார். எத்தனையோ முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன், அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "எப்படா வந்து கூட்டிக்கிட்டுப் போவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

நான் வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன்.

சுதர்ஷினி தரையில் உட்கார்ந்து சொன்னாள். மெஷின், தகடு, புகை எல்லாவற்றையும் அம்மாவுக்கு விளங்குகிற மாதிரி சொன்னாள். தப்பான முடிவை எழுதியிருந்தால் வேலை நிலைத்திருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். பெரியாயி திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு பேரும் அழுது முடித்திருப்பார்கள்.

"மெஷின ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"அடுத்த வாரம் போயிரும்மா."

பெரியாயி சுவரைப் பிடித்து எழுந்தார். முகத்தைக் கழுவினார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

"எங்கம்மா போற?"

"கங்காணி வீட்டுல இருப்பாரு. இன்னிக்கே போயிக் கேட்டாத்தான் உண்டு. அறைய வேற யாருக்காச்சும் எழுதிட்டா அவ்வளவுதான்."

சுதர்ஷினியும் எழுந்தாள். "இரு, நானும் வாரேன். நான் பேசுறேன்."

"நீ வராத." அதட்டிச் சொல்லவில்லை. "ஆராய்ச்சி பண்ற மக வந்து நின்னா, ஒனக்கு எதுக்குக் கெழவி வேலைன்னு கேப்பாங்க. பேரு போடமாட்டாங்க. நீ உள்ளேயே இரு. கதவையும் சாத்திக்க, யாரும் பாத்துறப் போறாங்க."

அவர் போனார். தோட்டத்து வேலைக்கு ஆள் எழுதுகிற கங்காணியின் வீடு எதிர் வரிசையில்தான். சுதர்ஷினி கதவைச் சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் அவள் தோளுக்கு மேலால் பார்த்தேன். பெரியாயி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கங்காணிக்குப் பெரியாயியின் மகனாக இருக்கும் வயது. ஏதோ கேட்டார், பெரியாயி தலையாட்டினார். கங்காணி அவருடைய காலைக் காட்டி ஏதோ சொன்னார். பெரியாயி முழங்காலைத் தட்டிக் காட்டி, ஒன்றுமில்லை என்பது போல அந்த இடத்திலேயே இரண்டு அடி வேகமாக நடந்து காட்டினார். இழுக்காமல் நடந்தார். சுதர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

திரும்பி வந்தவர் படியேறும்போது கதவு நிலையைப் பிடித்து மூச்சு வாங்கினார்.

"எழுதிக்கிறேன்னுட்டாரு. நாளைக்குக் காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு வரச் சொல்லிட்டாரு. கொழுந்து கொறஞ்சா மட்டும் நிப்பாட்டிருவாராம்." பிறகு என்னைப் பார்த்து, "அந்தச் சாக்க அவுத்து விடு சாமி, தேயிலத்தூளு அதுலதான் இருக்கு. வந்த புள்ளைங்களுக்கு ஒரு வாய் பிளேன்டி கூடக் குடுக்கல," என்றார்.

நான் சாக்கை அவிழ்த்தேன். சுதர்ஷினி அம்மாவை உட்காரவைத்து, வீங்கிய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, தைலத்தை ஊற்றித் தேய்க்கத் தொடங்கினாள். அழுகையில் கை அழுந்திவிட்டது போலும்.

"மெதுவாடி," என்றார் பெரியாயி. "நாளைக்கு இத வச்சுத்தான் ஏறணும்."